பின் பொருந்தியது, கீபோர்டு போனது

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் நோம்பிக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம் என்று ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வாத்தியாருக்குச் சுதி கொடுக்க என் பழைய கீபோர்டை எடுத்துப் போனேன். போன பிறகுதான் அடாப்டரை வீட்டிலேயே விட்டது தெரிந்தது. கோயிலுக்கு எதிர்வீட்டில் வைஃபை பெட்டியின் அடாப்டரைக் கேட்டு வாங்கிச் செருகினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் மீன் வாடை. அடாப்டரின் பச்சை விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது. காதை வைத்தால் 'டிக்... டிக்...'

மறுநாள் ரேடியோ மெக்கானிக் அண்ணன் கீபோர்டைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் தம்பி, இதுக்கு எதைப் போட்டீங்க?"

"வைஃபை அடாப்டருங்ணா. பின்னு கரெக்டா உக்காந்துச்சுங்க."

"பின்னு உக்காந்தாப் போதுமாங்? கையில இருக்கற சாவியெல்லாம் எல்லாப் பூட்டுலயும்தான் நுழையுது."

இந்த ரவுண்டு பின்னில் அதிகம் புழங்குவது வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1 அல்லது 2.5 மில்லிமீட்டர் உள்ள வகை. வைஃபை பெட்டி, கேமரா, கீபோர்டு, எக்கோ பெட்டி என்று எல்லாவற்றிலும் இதுவேதான். ஆனால் அதில் எத்தனை வோல்ட் வர வேண்டும், நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைப் பின்னின் வடிவம் சொல்லாது. கேசியோவின் பழைய கீபோர்டுகளுக்கான ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். அதே நிறுவனத்தின் பிந்தைய கீபோர்டுகள் பலவற்றுக்கு 9.5 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். யமஹாவின் வீட்டு உபயோகக் கீபோர்டுகளில் பெரும்பாலானவை 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். கிட்டார் பெடல்களில் வழக்கம் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். என் கீபோர்டும் நடுவில் நெகட்டிவ் வகை, நான் செருகிய வைஃபை அடாப்டரோ நடுவில் பாசிட்டிவ்.

நடுவில் நெகட்டிவ் என்பது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. இவையெல்லாம் பேட்டரி செல் போட்டும் ஓட வேண்டிய கருவிகள். அடாப்டரைச் செருகியதும் செல் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். அதற்காகச் சாக்கெட்டுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். பின் நுழைந்ததும் அது விலகிக்கொள்ளும். அந்தத் தகடு பின்னின் வெளிப்பக்கத்தைத் தொடுகிற தகடு. செல்லின் பாசிட்டிவ் கம்பியை அதன் வழியாகக் கொண்டுபோய் வெட்ட வேண்டுமானால் வெளிப்பக்கம்தான் பாசிட்டிவாக இருக்க வேண்டும், நடுவுக்கு மிச்சமாவது நெகட்டிவ்.

திசை மாறினால் அவ்வளவு மோசமா என்று நம் ஊர் ஆள் கேட்பது நியாயம்தான். டிரான்ஸ்பார்மரில் வேலை பார்த்துவிட்டுப் போகும்போது இரண்டு பேஸ் மாறிவிட்டால் போர்வெல் மோட்டார் ரிவர்ஸில் ஓடும். தண்ணீர் நூலாக வரும், இரண்டு ஒயரை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். எலக்ட்ரானிக்ஸில் அந்தத் தாராளம் கிடையாது. ஐசி என்பது ஒரு சர்க்யூட்டையே அடக்கிய சிலிக்கான் துண்டு. அதன் பாசிட்டிவ் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, யாரும் வைக்காமலே உற்பத்தியில் தானாக அமைந்துவிடுகிற டயோடுகள், அதாவது மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற கதவுகள் உண்டு. சரியான திசையில் மின்சாரம் வரும்வரை அவை மூடிய மதகு. திசை மாறினால் ஏறக்குறைய 0.7 வோல்ட்டிலேயே திறந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முடிவு செய்வது கருவி அல்ல, அடாப்டர்.

இங்கேதான் ஆம்பியர் பற்றிய பழைய குழப்பம் வருகிறது. "850 மில்லி ஆம்பியர் போட்டிருக்கு, 2 ஆம்பியர் குடுத்தா எரிஞ்சிரும்" என்பார்கள். எரியாது. வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம், குழாயில் அழுத்தம் அதனால் வருவது. ஆம்பியர் என்று அடாப்டரில் எழுதியிருப்பது அது அதிகபட்சம் எவ்வளவு தரும் என்ற எல்லை மட்டுமே. தொட்டி பெரிதாக இருப்பதால் சொட்டுநீர்க் குழாய் வெடிப்பதில்லை. உயரத்தை ஏற்றினால்தான் வெடிக்கும். வோல்ட்டும் திசையும் சரியாக இருக்கும்போது கருவி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். ஆனால் தப்பு நடந்த பிறகு அதே பெரிய தொட்டிதான் வினை. 300 மில்லி ஆம்பியர் அடாப்டராக இருந்திருந்தால் திணறிப் படுத்திருக்கும், கீபோர்டு பிழைத்திருக்கவும் கூடும். எனக்கு வாய்த்தது 12 வோல்ட், 2 ஆம்பியர்.

எது எது போனது என்று அண்ணன் காட்டிய வரிசை இது. சாக்கெட்டை ஒட்டிக் கறுப்பாக, அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டயோடு. திசை மாறி வந்தால் ஷார்ட் செய்து, தான் சுமையை ஏற்றுக்கொள்ளத்தான் அதை வைத்திருந்தார்கள். 2 ஆம்பியரை அது தாங்கவில்லை. நடுவில் பிளந்திருந்தது. அதுதான் 'டப்'. அடுத்தது ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப் ஐசி. பாட்டுக் கருவிகளில் பெரும்பாலும் அதற்கு நேரடியாகவே சப்ளை போகும், முன்னால் வேறு காவல் இருக்காது. மூன்றாவது மெயின் கன்டென்சர், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராகத் தருகிற டப்பா. அதன் தலையில் சிலுவை மாதிரிக் கீறியிருக்கும் அலுமினிய மூடி வீங்கி, கீறல் வழியே பழுப்பாகப் பிசின் கசிந்திருந்தது. மீன் வாடை அங்கிருந்து.

அந்தக் கன்டென்சரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் சுவாரசியம். உள்ளே சுருட்டி வைத்த அலுமினியத் தாள், மின்பகுளி என்கிற, மின்சாரம் கடத்தும் திரவம் ஊறிய காகிதம். தாளின் மேல் அலுமினிய ஆக்சைடு படலம், அதுதான் மின்சாரத்தைத் தடுக்கும் சுவர். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் தடிமன் என்ற கணக்கில் அதை வளர்த்திருப்பார்கள். 16 வோல்ட் கன்டென்சரில் மொத்தச் சுவரும் சில பத்து நானோமீட்டர்தான். நம் தலைமுடி அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் தடிமன். சரியான திசையில் மின்னழுத்தம் இருக்கும்வரை சுவரில் விழும் சிறு ஓட்டைகள் தாமாகவே அடைந்துகொள்ளும். திசை மாறினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அது தாங்குவதில்லை. சுவர் உடைந்து மின்னோட்டம் பாயும், மின்பகுளி சூடாகும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். குண்டாக வெடிக்காமல் கிழிந்து வாயு வெளியேறத்தான் அந்தச் சிலுவைக் கீறல்.

அடாப்டரின் 'டிக் டிக்'குக்கும் விளக்கம் கிடைத்தது. எடை குறைந்த இந்தக் காலத்து அடாப்டர் ஷார்ட்டைக் கண்டால் தன்னை அணைத்துக்கொள்ளும், சற்றுப் பொறுத்து மறுபடி முயலும், மறுபடி அணையும். அந்த மட்டும் அதற்குப் புத்தி இருந்தது. எனக்குத்தான் இல்லை.

திசை சரியாக இருந்து வோல்ட் மட்டும் கூடினால் சாவு வேறு மாதிரி. நம் பக்கம் பையன்கள் 4440 போர்டு வாங்கி வீட்டிலேயே ஆம்ப் செய்வார்கள். அந்த எல்ஏ 4440 ஐசிக்கு ஓடும்போது உச்ச எல்லை 18 வோல்ட். வீட்டில் சும்மா கிடக்கிற லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19. கொஞ்ச நேரம் பாடும், சத்தம்கூட நன்றாக இருக்கும். வோல்ட்டை 5-க்குக் குறைத்து நிறுத்துகிற 7805 மாதிரி ரெகுலேட்டர் இருக்கும் கருவிகளில் மிச்ச வோல்ட் முழுவதும் சூடாகவே போகும். அரை ஆம்பியர் ஓடினால், 9 வோல்ட் கொடுக்கும்போது 2 வாட் சூடு, 19 கொடுத்தால் 7 வாட்.

சில சிறிய மிக்சர்களோடு வரும் அடாப்டர், ஒரே திசையில் ஓடும் டி.சி.யே தராது. வெளியே வருவதும், வீட்டு மின்சாரம் மாதிரித் திசை மாறி மாறி ஓடும் ஏ.சி.தான். பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையையும், மைக்குக்கான 48 வோல்ட்டையும் மிக்சர் உள்ளே அதிலிருந்துதான் பிரித்துக்கொள்கிறது. இதை டி.சி. கருவியில் செருகினால் வினாடிக்கு 50 முறை திசை மாற்றிச் செருகியதற்குச் சமம். அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய 120 வோல்ட் அடாப்டரை நம் 230-இல் மாட்டுவது தனிக் கதை. '100-240' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயமில்லை.

என் கீபோர்டில் மூளை போர்டுக்குப் போகும் கம்பியில் தனியாக ஒரு டயோடு இருந்ததால் அது தப்பியது. டயோடு, ஐசி, கன்டென்சர் மூன்றையும் அண்ணன் மாற்றினார். கடையில் கிடந்த ஒரு கனத்த பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரையும் கொடுத்தார்: 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். மீட்டரை வைத்தால் 13 காட்டியது. பதறிவிட்டேன். "லோடு இல்லாமப் பார்த்தா அப்படித்தானுங் காட்டும்" என்றார். 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 12.7. டயோடுகளில் கொஞ்சம் போனாலும், சுமை இல்லாத டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் கூடவே தரும். கீபோர்டு இழுக்கத் தொடங்கியதும் 9-க்குப் பக்கத்தில் இறங்கியது.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள் சுதி வைத்துப் பார்த்தோம். பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யை டி.சி. ஆக்கும்போது 100 ஹெர்ட்ஸில் ஒரு நெளிவு மிஞ்சும், அதுதான் ஸ்பீக்கரில் வந்தது. 100 ஹெர்ட்ஸ் என்பது ஜி ஸ்வரத்துக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் விழுகிற ஒலி. பாட்டு வாத்தியார் காதில் கைவைத்துக்கொண்டு, "இது எந்தக் கட்டைலயும் சேரலீங்" என்றார். கடைக்கு ஆள் அனுப்பி ஆறு பெரிய செல் வாங்கிப் போட்டோம்.