படகைப் பழுது பார்ப்பதும் மாற்றிக் கட்டுவதும்: உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் உரிமையாளர் அறிய வேண்டியவை

கடற்கரை இல்லாத மாவட்டம் என்றாலும் சேலத்தில் படகுகளுக்குக் குறைவில்லை. ஏற்காடு ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்கான படகுகள் ஓடுகின்றன. பூலாம்பட்டியிலிருந்து காவிரியைக் கடந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு செல்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறைக்கும் தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் இடையே பரிசல் போக்குவரத்து தலைமுறைகளாக நடந்து வருகிறது. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்களிடம் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, "என் படகை நான் சரி செய்துகொள்வதற்குக்கூட அரசு அனுமதி வேண்டுமா?" என்பதுதான். பழுதைச் சரி செய்வது வேறு, படகை மாற்றுவது வேறு என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

ஏரி, ஆறு, கால்வாய் ஆகியவற்றில் ஓடும் படகுகளுக்கு இன்று அடிப்படையாக இருப்பது உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021. நூறாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய இச்சட்டம் 2021 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இயந்திர விசையால் ஓடும் ஒவ்வொரு படகுக்கும் மாநில அரசு நியமிக்கும் பதிவாளர் வழங்கும் பதிவுச் சான்றிதழும், படகை நேரில் ஆய்ந்தபின் வழங்கப்படும் ஆய்வுச் சான்றிதழும், உயிரிழப்பு, காயம், பொருள்சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை ஏற்கும் காப்பீடும் இருந்தாக வேண்டும். பதிவுச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். ஆய்வுச் சான்றிதழோ, அந்தப் படகு எந்த நீர்ப்பகுதியில் ஓடத் தகுதியுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

வழக்கமான பராமரிப்பு உரிமையாளரின் கடமை. ஃபைபர் அடிப்பகுதியில் விழுந்த கீறலை அடைப்பது, துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவது, தேய்ந்த புரொப்பெல்லருக்குப் பதில் அதே அளவில் புதியது பூட்டுவது, கிழிந்த உயிர்காப்பு மேலாடைகளை அகற்றிப் புதியவை வாங்கி வைப்பது ஆகியவை எல்லாம், படகைச் சான்றிதழில் எழுதியுள்ள நிலைக்கே திரும்பக் கொண்டுவரும் வேலைகள். சான்றிதழில் எழுதியிருப்பதிலிருந்து படகை விலக்கிக் கொண்டுபோகும் வேலைதான் மாற்றம். படகைக் கட்டுவதற்கும் மாற்றி அமைப்பதற்கும் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்வதால், வேலையை முடித்துவிட்டுப் பிறகு காகிதத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

மேல்நோட்டத்துக்குப் பழுது போலத் தோன்றி உண்மையில் மாற்றமாகிவிடும் வேலைகளில் முதன்மையானது இயந்திரத்தை மாற்றுவது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், சாதாரண பெட்ரோல் இயந்திரம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு என்ற கணக்கில் வலுவை இழக்கிறது. மேட்டூரில் நன்றாக இழுத்த இயந்திரத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே கொண்டுவந்து பூட்டினால், அது திணறுவதும் அளவுக்கு மீறிப் புகை விடுவதும் இதனால்தான். அந்த இடத்துக்கு ஏற்றபடி கார்புரேட்டரை மெக்கானிக் சரிப்படுத்தித் தருவது பராமரிப்பு. அதற்குப் பதிலாகக் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைப் பூட்டினால் அது மாற்றம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சேலத்துப் பட்டறை ஒன்றில் தம் சிறிய ஃபைபர் படகுக்குப் பழைய டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தை எடுத்துவிட்டு, வலுவும் எடையும் கூடிய ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டார். சில மாதங்கள் கழித்துப் படகைக் கரையேற்றிப் பார்த்தபோது, இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையின் இரு மூலைகளிலும் முடி அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே ஊறிப்போன பலகையிலிருந்து தண்ணீர் கசிந்தது. அந்தப் பின்பலகை பழைய இயந்திரத்தின் எடைக்கும் உந்துதலுக்கும் கணக்கிட்டுக் கட்டப்பட்டது. முன் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் முதலில் கேட்கப்பட்டிருக்கும் கேள்வியே அதுதான். இந்த விதியை வெறும் அலுவலகச் சடங்காக நான் கருதாததற்கு அந்த விரிசலே காரணம்.

அடுத்தது இருக்கைகளைக் கூட்டுவதும் மேற்கூரையோ மேல்தளமோ போடுவதும். படகின் மேற்பகுதியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதன் ஈர்ப்பு மையத்தை மேலே தள்ளுகிறது. பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் படகு நிமிர்ந்துகொள்ளும் திறன் அந்த அளவுக்குக் குறைகிறது. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் உயிரிழந்த விபத்தில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட ஒன்று. தாங்கக்கூடியதைவிட அதிகம் பேரை அது ஏற்றியிருந்தது. மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் அடித்தளத்தில் சுமக்கும்படி வடிவமைக்கப்பட்டது. மனிதர்களோ எழுந்து நிற்பார்கள், படம் எடுக்க ஒரு பக்கமாக நகர்வார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மீன்பிடிப் படகை வாங்கிச் சுற்றுலாவுக்கு மாற்ற நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஆய்வுக்குப் படகைக் கொண்டுபோகும் முன் உரிமையாளர் தாமே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஃபைபர் படகின் இரட்டைச் சுவருக்குள் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். எங்காவது சிறு துளை விழுந்தால் அந்த நுரை ஆண்டுக்கணக்கில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நூறு லிட்டர் தண்ணீர் புகுந்தால் படகு நூறு கிலோ கூடுதல் எடையை எப்போதும் சுமக்கிறது என்று பொருள், அதாவது பயணி ஒருவர் இறங்காமலே உட்கார்ந்திருப்பது போன்றது. சிறு சுத்தியலின் மரப்பிடியால் அடிப்பகுதி முழுவதையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும், ஊறிய இடத்திலும் அடுக்கு பிரிந்த இடத்திலும் பொத்தென்றும் ஓசை மாறும். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும் காலத்தில் இது இன்னும் அவசியம். அணை கட்டியபோது மூழ்கிய பழைய பண்ணவாடியின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதற்கு முன்பே, நீருக்குள் மறைந்திருக்கும் கற்கள் படகின் அடியை உரசத் தொடங்கிவிடும்.

விசை இல்லாத படகுகளை, அதாவது பரிசல், துடுப்புப் படகு, மிதிபடகு போன்றவற்றை, சட்டம் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. இவற்றை உள்ளாட்சி அளவில் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பை மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம். குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரம் இவற்றுக்கும் எதிர்பார்க்கப்படுகிறது. மூங்கில் பின்னலைச் சீர் செய்து புதிதாகத் தார் பூசும் பரிசல்காரருக்கு இந்தச் சட்டத்தால் புதிய சுமை எதுவும் இல்லை. ஆனால் அதே பரிசலிலோ மிதிபடகிலோ பேட்டரி மோட்டாரைப் பொருத்தினால் அது விசைப்படகாகிவிடும். மின்சாரம்தானே, பெட்ரோல் இல்லையே என்ற வாதம் செல்லாது.

பழுது பார்க்கும்போது சிந்தும் எண்ணெயும் சட்டத்தின் பார்வையில் வருகிறது. கழிவு எண்ணெயையும், படகின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரையும் நீர்நிலையில் விடுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இயந்திர எண்ணெயை மாற்றும் வேலையைக் கரையிலிருந்து தள்ளி, தகரத் தட்டு வைத்துச் செய்ய வேண்டும்.

விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் மாநில அரசு இதற்கென நியமித்த அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் விசாரிக்கும்படி அரசு கேட்கலாம். அப்போது சான்றிதழில் உள்ள படகும் தண்ணீரில் கவிழ்ந்த படகும் வேறு வேறாக இருந்தால், இழப்பீட்டை மறுத்து வாதிடக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். அனுமதி பெறாத மாற்றத்தால் உரிமையாளருக்கு வரும் மிகப் பெரிய பண இழப்பு இதுவே.

பட்டறைக்காரர் தவறாகப் பழுது பார்த்திருந்தால் என்ன செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, சேவைக் குறைபாட்டுக்காகக் குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை இச்சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் தம் வாழ்வாதாரத்துக்காகத் தாமே தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. சொந்தப் பரிசலைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் முறையிடலாம். பல படகுகளை ஆள் வைத்து ஓட்டும் விடுதி உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். இருவருக்கும் கைகொடுப்பது பட்டறையின் ரசீது. என்ன வேலை, எந்தப் பாகம், எத்தனை குதிரைத்திறன், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாகத்தைக் கழற்றும் முன்னும் புதியதைப் பூட்டிய பின்னும் கைப்பேசியில் படம் எடுத்து, அடுத்த ஆய்வு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.