எஸ்பெராண்டோவில் ஆசைப்படுவது எப்படி?

டெல்லி மயூர் விஹாருக்குக் குடிவந்த புதிதில், "நீங்க நாளைக்கு வரணும்" என்பதை பிளம்பரிடம் இந்தியில் சொல்லப் போய், "மே ஆப்கோ கல் ஆனா சாஹ்தா ஹூம்" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரப்போறது யாரு, நீங்களா நானா?" என்று கேட்டார். "சாஹ்தா ஹூம் கி ஆப் கல் ஆயே" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். பல வருஷம் கழித்து எஸ்பெராண்டோ படிக்க உட்கார்ந்தால், அதே இடத்தில் மறுபடி வழுக்கினேன்.

1887இல் வார்சாவில் ஸாமென்ஹோஃப் என்ற கண் டாக்டர் தானே உருவாக்கி வெளியிட்ட செயற்கை மொழி அது. வினைச்சொல்லுக்கு அடிப்படை விகுதிகள் ஆறுதான். அஸ் நிகழ்காலம், இஸ் இறந்தகாலம், ஓஸ் எதிர்காலம், இ, 'போக', 'வர' மாதிரி வெறும் எச்சம். மிச்சமிருக்கும் உஸ், உ இரண்டும்தான் ஆசைக்காரர்களுக்கானவை.

போவதும் நான், விரும்புவதும் நான் என்றால் 'மி வோலஸ் ஈரி', நான் போக விரும்புகிறேன், அவ்வளவுதான். ஆனால் விரும்புவது நான், வரவேண்டியது நீ என்று ஆள் மாறிவிட்டால் எச்சம் உதவாது, 'மி வோலஸ், கே வி வேனு' என்று வாக்கியத்தை இரண்டாக்க வேண்டும். 'கே' நம்முடைய 'என்று', இந்திக்காரரின் 'கி'. அந்த 'வேனு'வின் கடைசி 'உ'வுக்கு ஆங்கில வழியில் விளக்கம் தேடித்தான் நான் நாளை வீணாக்கினேன், கையிலேயே தமிழ் இருக்கும்போது. வாழ்க, வருக, ஒழிக என்று மேடையில் கத்துகிறோமே, அந்த வியங்கோள்தான் இது. வியங்கோள் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்வது இந்த உ-வுக்கும் அப்படியே பொருந்துகிறது: 'லி வேனு' அவன் வரட்டும், 'நி ஈரு' போவோம் வாங்க, 'ச்சு மி வேனு?' நான் வரட்டுமா?

இன்னொரு வசதி, ஆசைப்பட்டது நேற்றே ஆனாலும் உ அசையாது. 'மி வோலிஸ், கே வி வேனு', நீ வரணும்னு விரும்பினேன். தமிழிலும் 'வரணும்' அப்படியேதானே நிற்கிறது?

தமிழ் காலை வாரிவிடும் இடமும் உண்டு. 'எனக்குக் காபி வேணும்' என்கிறோம், காபிக்கு 'ஐ' போடுவதில்லை, இந்தியின் 'சாஹியே'வும் அதே ஜாதி. எஸ்பெராண்டோவில் விரும்புவது 'மி', விரும்பப்படுவது செயப்படுபொருள், அதனால் கடைசியில் ஒரு ன் ஒட்டியே ஆகவேண்டும்: 'மி வோலஸ் காஃபோன்'. இதையே 'மி வோலுஸ் காஃபோன்' என்று உஸ் போட்டுச் சொன்னால் 'ஒரு காபி கிடைச்சா நல்லாயிருக்கும்' என்ற பணிவு வந்துவிடும், கடையில் அதுதான் அழகு. காலை வணக்கமான 'போனன் மதேனோன்' என்பதிலும் இதே ன் இருக்கிறது, 'உங்களுக்கு விரும்புகிறேன்' என்ற வினை வெளியே தெரியாமல் பின்னால் ஒளிந்திருப்பதால்.

நடக்காத ஆசைக்கும் உஸ்தான், ஆனால் இரண்டு பக்கமும் வரவேண்டும். 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்பதில் 'வாங்குவேன்' நமக்குச் சாதாரண எதிர்காலம் என்பதால் அங்கே ஓஸ் போடக் கை பரபரக்கும். கையில் இல்லாத பணத்தைப் பற்றிய பேச்சு என்றால் 'இருந்தால்', 'வாங்குவேன்' இரண்டுமே உஸ்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை மொழியின் பெயர். 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்று அர்த்தம், ஸாமென்ஹோஃப் வைத்துக்கொண்ட புனைபெயர். அப்படியிருந்தும் 'எஸ்பேரஸ்', அதாவது நம்புகிறேன், என்ற வினைக்குப் பின்னால் உ வராது. 'மி எஸ்பேரஸ், கே லி வேனோஸ்', அவர் வருவார் என்று நம்புகிறேன், ஓஸ்தான். நம்புவது நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு, விரும்புவது நடக்கட்டும் என்ற தூண்டல், இரண்டையும் இந்த மொழி கலக்கவிடுவதில்லை. எங்கள் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் விஷயத்தில் நான் இன்னும் 'வேனு'விலேயே நிற்கிறேன், 'வேனோஸ்' சொல்லத் தைரியம் வரவில்லை.