தன்வரலாறு எழுத உட்காரும் முன்

என்னைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். முதல் 15, 20 பக்கங்கள் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. "என் வாழ்க்கையை எழுதலாம்னு ஆரம்பிச்சேன் மேடம், அதுக்கு மேல போகல" என்பார்கள். வேறு சிலர் தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, அண்ணனோடு பேச்சே நின்றுபோய்விட்டது என்று வருவார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொண்டே போனால், பணி ஓய்வுக்குப் பிறகு தன் கதையை எழுத உட்கார்ந்த நாளில் போய் நிற்கும்.

19 வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். தன்வரலாறு எழுத வேண்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு மனதார மகிழ்ச்சிதான். ஆனால் எழுதுவதற்கு முன் சில வாரங்களாவது கடந்த காலத்தோடு சும்மா உட்கார வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் சொன்னால், "எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே, தினமும் அதைத்தானே நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று பதில் வரும். அந்தப் பதில்தான் எனக்குக் கவலை தருவது. தினமும் நினைப்பதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையை ஒரே வார்த்தைகளில் மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைத் திரும்பிப் பார்த்தல் என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய முதல் அத்தியாயத்தில் இருந்தது இதுதான்: 11 வயதில் அம்மா தன்னை அத்தை வீட்டுக்குத் தள்ளிவிட்டார், ஒரு வருடம் வந்து பார்க்கவே இல்லை. அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. 50 வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. கணவரிடம், பிள்ளைகளிடம், உடன் வேலை பார்த்தவர்களிடம் எல்லாம் இதே வரிசையில், இதே சொற்களில் சொல்லியிருக்கிறார்.

எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, அந்த வருடத்துக் காகிதங்கள் ஏதாவது இருந்தால் தேடி எடுக்கச் சொன்னேன். அப்பாவின் பழைய தகரப் பெட்டியில் அவருடைய மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. அத்தை ஊர்ப் பள்ளியில் அவர் படித்தது நாலரை மாதம். அதே மாதங்களின் தேதியிட்ட மருத்துவமனைச் சீட்டு ஒன்றும் தம்பி பெயரில் இருந்தது. தம்பிக்குக் காசநோய். இன்னொரு குழந்தைக்கும் தொற்றிவிடக் கூடாது என்றுதான் இவரை அனுப்பியிருக்கிறார்கள். அதை உயிரோடு இருந்த மாமா ஒருவர் பிறகு உறுதிப்படுத்தினார்.

உண்மை தெரிந்ததும் மனம் ஆறிவிடும் என்று நினைப்போம். அவருக்கு ஆறவில்லை. இரண்டு வாரம் கடும் கோபத்தில் இருந்தார். "இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கோபம் நியாயமானது. தன்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று அந்தச் சிறுமி தவித்தது உண்மை. அனுப்பிய காரணம் அவள் நினைத்தது இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன.

நடுவில் ஒருநாள் ஒரு கேள்வி கேட்டேன். "அப்போ உங்க அம்மாவுக்கு என்ன வயசு?" விரல் விட்டுக் கணக்குப் போட்டார். 29. அவருடைய மகளுக்கு இப்போது 34. வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் நினைவில் இருந்த அம்மா எப்போதுமே வயதானவர், உறுதியானவர், எல்லாவற்றையும் தெரிந்து செய்கிறவர். ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில், இன்னொன்று வேறு ஊரில் என்று நடுவில் நின்ற 29 வயதுப் பெண்ணை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அதன் பிறகு இந்த வயதுக் கேள்வியை எழுத விரும்பும் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்களை அடித்த அப்பாவுக்கு அப்போது என்ன வயது? வேலையை விட்டு அனுப்பிய அதிகாரிக்கு? உங்களுக்கே அப்போது என்ன வயது? யாரையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. நடந்த இடத்தில் உண்மையில் யார் யார் நின்றார்கள் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

அந்த ஆசிரியையின் நினைவு பிசகியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்றை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அந்தக் காட்சியை மறுபடி கட்டுகிறது. கட்டும்போது இன்றைய மனநிலையும் நாம் சொல்லிப் பழகிய சொற்களும் உள்ளே கலந்துவிடுகின்றன. உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கார்கள் மோதிக்கொள்ளும் படம் ஒன்றைப் பார்த்தவர்களில் 50 பேரிடம், கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இரண்டாவது குழுவில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வினைச்சொல், அதுவும் ஒரே ஒரு முறை கேட்டது, இவ்வளவு செய்கிறது. "தள்ளிவிட்டாங்க" என்ற சொல்லை 50 வருடம் சொன்னால் நாலரை மாதம் ஒரு வருடமாக நீள்வதில் என்ன ஆச்சரியம்?

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்ற உறுதியும் நம்மைக் காப்பாற்றாது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் உளவியலாளர் அல்ரிக் நைஸர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேருடைய பதிலில் முக்கிய விவரங்கள் எல்லாமே மாறியிருந்தன. சொன்னதைப் பலர் மிகுந்த நம்பிக்கையோடுதான் சொன்னார்கள். அவரவர் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டியபோதும் முதல் நினைவு திரும்பி வரவில்லை. அதனால்தான், மிக உறுதியாகத் தெரிந்த நினைவு எதுவோ அதை முதலில் எடுத்துச் சரிபாருங்கள் என்கிறேன்.

சரி, எப்படித் திரும்பிப் பார்ப்பது? முதலில் வாக்கியமாக எழுதாதீர்கள். பெரிய தாள் ஒன்றில் வருடங்களை மட்டும் வரிசையாகப் போடுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எந்த வீடு, வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வயது, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை இல்லை. இவ்வளவு போதும். போட்டு முடித்ததும் ஒன்று கண்ணில் படும்: 10 வயதிலிருந்து 30 வரைக்கும் தாள் நிரம்பி வழியும், 35க்குப் பிறகு காலியாகக் கிடக்கும். வயதான பிறகு திரும்பிப் பார்க்கும்போது இளமைக் காலம்தான் அதிகம் நினைவுக்கு வரும், இது எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தக் காலி இடத்தில்தான் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், பெற்றோர் தளர்ந்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

புகைப்படம் எடுத்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் முகங்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். யார் தள்ளி நிற்கிறார்கள், படத்தை எடுத்தது யார், அன்று வராமல் போனவர் யார்.

உடன் இருந்தவர்களிடம் பேசும்போது உங்கள் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால், ஆமாம் என்று ஒத்துக்கொள்வார்கள் அல்லது சண்டைக்கு வருவார்கள். "அந்த வருஷம் உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே பெற்றோர் என்பதால் ஒரே குழந்தைப் பருவம் என்று ஆகிவிடாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பெரியவர்கள் பழைய கதையையே பேசுகிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். முதுமையில் தன் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மனவேலை என்று 1963லேயே எழுதியவர் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். அது புத்தி தளர்ந்ததன் அடையாளம் இல்லை. அதேசமயம், அந்த வேலையில் சிலர் குற்ற உணர்விலும் விரக்தியிலும் விழுந்துவிடலாம் என்றும் அவர் எச்சரித்தார். ஆகவே பக்கத்தில் இருந்து காது கொடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன். இதை யார் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? "எல்லாரும்" என்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் ஒரே ஒரு பெயர் வெளியே வரும். பேசாமல் போன தம்பி, பிரிந்த துணை, இறந்துபோன அப்பா. அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால், முதலில் அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்கிறேன். அனுப்ப வேண்டியதில்லை. அதை எழுதாமல் புத்தகத்தில் இறங்கினால் 200 பக்கமும் அந்த ஒருவரிடம் வழக்காடுவதாகவே போய்விடுகிறது. இப்படி ஆன கையெழுத்துப் பிரதிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். "எழுதினால் பாரம் குறையும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. 1986இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களைக் காயப்படுத்திய நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களுடைய மனம் முன்பைவிட அதிகம் கலங்கியிருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. மேலும், அது 15 நிமிடம். நள்ளிரவில் தனியாக மூன்று மணி நேரம் இல்லை.

விபத்தில் நண்பரை இழந்த ஒருவர் அப்படித்தான் எழுதினார். வண்டியை ஓட்டியது இவர். 30 வருடம் யாரிடமும் பேசாத அந்த இரவை, தினமும் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதியிருக்கிறார். மூன்றாவது வாரத்தில் கெட்ட கனவுகள், பகலில் சின்னச் சத்தத்துக்கும் உடம்பு அதிர்வது, வண்டியில் ஏறவே மறுப்பது. என்னிடம் வந்தபோது நோட்டை மூடி அவர் மனைவியிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று மாதம் சிகிச்சைதான் நடந்தது, எழுத்து நடக்கவில்லை. பிறகு மெல்லத் தொடங்கியபோது "நான்" என்று எழுத வேண்டாம், "அந்த 26 வயதுப் பையன்" என்று எழுதுங்கள் என்றேன். கொஞ்சம் விலகி நின்று, அவனுக்கு ஏன் அப்படி இருந்தது என்று கேட்கும்போது கொதிப்பு குறைகிறது. உளவியலாளர்கள் ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக், வால்டர் மிஷெல் ஆகியோர் 2005இல் கோபமான நினைவுகளை வைத்துக் கண்டதும் இதைத்தான். என் அறையில் பலருக்கு இது உதவியிருக்கிறது.

எழுதத் தொடங்கிய பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, காட்சிகள் கேட்காமலே கண்முன் வந்தாலோ, குடி கூடினாலோ, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போனாலோ நிறுத்துங்கள். மனநல நிபுணர் ஒருவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அன்றே, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, உதவி எண்ணுக்கோ மருத்துவமனைக்கோ பேசுங்கள். புத்தகம் காத்திருக்கும்.

எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்த மனிதர் போன வருடம் தன் பிரதியை முடித்துக் கொண்டுவந்து காட்டினார். நண்பரோடு படித்த நாட்கள், சேர்ந்து சுற்றிய ஊர்கள், அவருடைய சிரிப்பு எல்லாம் இருந்தன. விபத்து நடந்த நாளுக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருந்தார். மேலே தேதி மட்டும். "இதை அப்படியே விட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார். விடலாம் என்றேன்.