காவிப் பல் ராட்சசனும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்

சிறுவர் கதைப் புத்தகத்தில் ராட்சசன் வந்தால் அவன் பல்லைப் பாருங்கள், பழுப்பாக இருக்கும். சூனியக்காரக் கிழவிக்கும் அப்படித்தான். இளவரசிக்கு மட்டும் முத்துப் பற்கள். தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிற என்னால் அந்தப் படங்களைச் சும்மா புரட்டிவிட முடிவதில்லை. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமிருந்து என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு அதே பழுப்புப் பற்கள்தான்.

காரணம் தண்ணீர். எங்கள் பகுதிப் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் உண்டு. அது நிலத்தடி நீரில் கரைந்து, போர் தண்ணீரோடு வீட்டுக்கு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேற்பட்ட நீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, சரியாக இறுகாது. ஆறேழு வயதில் பல் முளைக்கும்போதே வெண்திட்டுகள் தெரியும். பாதிப்பு அதிகமென்றால் போகப் போகக் காவி ஏறும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பல் தேய்க்காததால் வருவதும் இல்லை.

ஆனால் இந்தப் பிள்ளைகள் காதில் விழுவது என்னவோ, "நீ பல்லே தேய்க்க மாட்டியா?" என்பதுதான். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் கேட்கிறான், விருந்துக்கு வந்த அத்தை கேட்கிறார், சில நேரம் பெற்றவர்களே என் முன்னால் திட்டுகிறார்கள். செங்கல் தூளும் கரித்தூளும் போட்டுத் தேய்த்து ஈறு புண்ணாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகிற பழக்கத்தையும் பார்க்கிறேன். பல்லுக்கு நான் வைத்தியம் செய்துவிடலாம். அந்தக் கையை இறக்க வைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் கதைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

தோற்றத்தில் வித்தியாசமான பிள்ளையைப் பற்றி நல்லெண்ணத்தோடு எழுதப்படும் கதைகளிலும் இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளை அழகாகிவிடும். இன்னொன்று, வெள்ளத்திலிருந்தோ தீயிலிருந்தோ எல்லோரையும் காப்பாற்றி, அதற்குப் பிறகுதான் நண்பர்களைப் பெறும். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. அழகாக முடியாத, யாரையும் காப்பாற்ற வாய்க்காத பிள்ளை என்ன செய்யும்? கூட விளையாட ஒரு ஆள் கிடைப்பதற்கு வீரதீரம் காட்ட வேண்டுமா?

என் கிளினிக்கில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ரொம்பச் சாதாரணம். ஒரு பையனின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குள் ஓடிவிடுகிறது. ஊருக்குப் புதிதாக வந்த இன்னொரு பையன் கூட ஓடுகிறான். நடுவில், "உன் பல்லு ஏன்டா இப்படி இருக்கு?" என்று கேட்கிறான். "எங்க போர் தண்ணி அப்படி." "சரி வா, ஆடு வரப்பு தாண்டிருச்சு பாரு!" அதற்கப்புறம் கதை முழுக்க ஆடுதான். கேட்கிற பிள்ளைகளும் ஆடு கிடைத்ததா என்றுதான் கேட்கிறார்கள். பல்லைப் பற்றிக் கேட்டாயிற்று, பதிலும் சொல்லியாயிற்று, விளையாட்டு நிற்கவில்லை. இரக்கம் சொட்டும் கதைகளைவிட இப்படியொரு கதை அதிகம் செய்யும் என்று நான் நம்புகிறேன்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாகப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. வகுப்பில் கதை வாசிப்பதற்கென்று நேரமும் கிடைக்கிறது. அந்த நேரத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான கதையை வாசிக்கும்போது, வகுப்பில் காவிப் பல்லோ, தோலில் வெண்புள்ளியோ, தீக்காயத் தழும்போ உள்ள பிள்ளையைப் பார்க்காதீர்கள். "நம்ம வகுப்புலயும் ஒருத்தர் இருக்காங்கல்ல" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அது அன்பாகச் சொல்லப்பட்டாலும் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரத் தயங்கும். முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்றும் கேட்க வேண்டாம். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள், அவர்களே கதையை வளர்ப்பார்கள். வீட்டில் சொல்கிறவர்களுக்கு அதைவிடச் சுலபம்: ராட்சசனுக்குப் பல் வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஏற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்களே ஏன் கறை நீக்குகிறீர்கள் என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. எனாமலின் மேல்பரப்பை மெல்லச் சீராக்குவது, பல் நிறப் பூச்சு வைப்பது எனப் பாதிப்புக்கு ஏற்ற சிகிச்சைகள் இருக்கின்றன. பிள்ளை தானாக விரும்பிக் கேட்டால் தாராளமாகச் செய்யலாம். சொந்தக்காரர் கல்யாண போட்டோவுக்காகப் பெரியவர்கள் இழுத்து வந்தால், முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் குடிநீரைப் பரிசோதிக்கச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. காவிரியிலிருந்து எடுத்துவரும் ஒகேனக்கல் குடிநீர் கிடைக்கும் தெருவென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் போதும்.