அக்டோபரிலும் உண்ணி கடிக்கும்: ஸ்காட்லாந்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

சென்ற வாரம், நோயாளிகளைப் பார்த்து முடித்துக் கிளம்பும் நேரத்தில், கோவைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் ஸ்காட்லாந்தில் உள்ள என் மருத்துவ அறைக்கு வந்தார். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வழிகாட்டியோடு பத்து நாள் பறவை பார்க்கும் பயணத்தில் அன்று அவருக்கு ஐந்தாம் நாள். இடது முழங்காலின் பின்மடிப்பில் ஓர் உண்ணி, சிறிய ஆமணக்கு விதையை ஒட்டவைத்தாற்போல், இரத்தம் குடித்து உப்பிச் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அறையெங்கும் தலைவலித் தைலத்தின் வாடை. முந்தைய நாள் இரவே பார்த்துவிட்டாராம். தைலம் தடவினால் தானாக விழுந்துவிடும் என்று காத்திருந்தாராம்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க தோட்டத்துல மாட்டுக்கு நான் புடுங்காத உண்ணியா? மண்ணெண்ணெய் தொட்டு வெச்சா விழுந்துருமுங்க. இங்க மண்ணெண்ணெய்க்கு எங்க போறது, அதான் தைலம் போட்டேன்" என்றார்.

இந்த அக்டோபரில் இப்படி வந்தவர்களில் அவர் நான்காமவர். முதலாமவர் வாசலின் தடவியிருந்தார், இரண்டாமவருக்கு உடன் வந்த நண்பர் சிகரெட் லைட்டரால் சூடு வைத்துத் தொடையில் கொப்புளமும் வரவழைத்திருந்தார், மூன்றாமவர் உப்பு. உப்பும் சுண்ணாம்பும் அட்டைக்கு வைப்பவை. வால்பாறையிலும் நுவரெலியாவிலும் அட்டையோடு பழகியவர்கள் அதே வைத்தியத்தை உண்ணிக்கும் செய்கிறார்கள். அட்டை கடித்துக் குடித்துவிட்டு நழுவிப் போகும் பிராணி. உண்ணி அப்படியல்ல: முள்முள்ளான வாயுறுப்பைத் தோலுக்குள் இறக்கி, அதைச் சுற்றிப் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து தன்னைப் பூசிப் பதித்துக்கொண்டு, நாட்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். அது மூச்சு விடுவதே மணிக்கு ஒருசில முறைதான் என்பதால், எண்ணெயோ தைலமோ பூசி மூச்சடைக்கச் செய்யலாம் என்று நினைப்பது வீண். அது சாகும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் அது குடிப்பதற்கு நாம் கொடுக்கும் நேரம். போதாக்குறைக்கு, சூட்டாலும் ரசாயனத்தாலும் சீண்டப்பட்ட உண்ணி தன் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் நம் தோலுக்குள்ளேயே கக்கக்கூடும். உண்ணி கடித்துப் பரவி, தோலில் தொடங்கி நரம்புகளையும் தாக்கக்கூடிய பாக்டீரியா நோய் லைம். அதன் கிருமி குடியிருப்பது அந்த வயிற்றில்தான். மாட்டுக்கு நூறு உண்ணி ஒட்டியிருக்கையில் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு அவசரம் இல்லை. மனிதருக்கு ஒட்டிய ஒற்றை உண்ணியில் கணக்கே அவசரம்தான், ஏனென்றால் அது எத்தனை மணி நேரம் ஒட்டியிருக்கிறதோ அத்தனைக்குக் கிருமி உள்ளே இறங்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே எடுக்கும் முறை ஒன்றே. கூர்முனை இடுக்கியால், உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டினாற்போல் தலைப்பக்கத்தைப் பற்றி, முறுக்காமலும் வெடுக்கென்று இழுக்காமலும் நேராக மேல்நோக்கி ஒரே சீராக இழுக்க வேண்டும். உண்ணி எடுப்பதற்கென்றே பிளவுள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கி இங்குள்ள மருந்துக்கடைகளில் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. அந்தக் கொக்கியானால் மட்டும் செருகி மெல்லத் திருகி எடுக்கலாம். வாயுறுப்பின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் நோண்டாதீர்கள், முள்ளைப்போல் தானே வெளியேறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரியவருக்கு இதைச் செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்த உண்ணியைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் காட்டினேன். ஆறேழு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, "கால் அசையுதுங்களே" என்றார். ஒரு நாள் முழுக்கத் தைலத்தில் ஊறியும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

ஆமணக்கு விதை என்று நான் சொன்னது வெறும் உவமையன்று. இந்த உண்ணியின் அறிவியல் பெயர் இக்ஸோடிஸ் ரிசினஸ். ஆமணக்கின் பெயரும் ரிசினஸ்தான். அந்த லத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றே பொருள். விதையின் உருவத்தைப் பார்த்துச் செடிக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் பெரியவர் கண்ணில் பட்டது குடித்து முடிக்கும் நிலையிலிருந்த வளர்ந்த பெண் உண்ணி. மனிதருக்கு நோயைத் தருவதில் முந்தி நிற்பது இளம் பருவத்து உண்ணி. அது கசகசா அளவே இருக்கும், கடிக்கும்போது வலிக்காது, அரிக்காது. தேடினால்தான் தெரியும்.

"குளிர் தொடங்கிவிட்டதே, பூச்சி ஏது?" என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், ஏனெனில் வழிகாட்டிகளில் சிலரே அப்படிச் சொல்கிறார்கள். கோடையில் இங்கே வருகிறவர்களைப் பிய்த்துத் தின்னும் மிட்ஜ் என்னும் பொடிக்கொசு செப்டம்பரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுவதால், உண்ணியும் ஓய்ந்துவிட்டதென்று அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்ணிக்கு வேண்டியது வெயில் அல்ல, ஈரம். வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும், புல்நுனியிலும் பிராக்கன் பெரணியின் இலையிலும் ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு, உரசிப்போகும் ஆட்டுக்கோ மானுக்கோ மனிதருக்கோ காத்திருக்கும். வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் அதன் நடமாட்டம் உச்சம். பல இடங்களில் இலையுதிர் காலத்தில் சற்றே சிறிய இரண்டாம் உச்சமும் உண்டு. அது குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து விழாது. நாம்தான் அதனிடம் போகிறோம்.

அதிலும் பறவை நோக்கர்களைப்போல் விருந்து வைப்பவர் எவருமில்லை. மலையேறுகிறவர் பாதையில் நடந்துகொண்டே இருப்பார். நாமோ (நானும் ஞாயிறுதோறும் இருநோக்கியோடு அலைபவள்தான்) பாதையை விட்டு விலகி, ஹெதர் புதரில் முக்காலியை ஊன்றி, மண்டியிட்டு, மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறோம். ஃபின்ட்ஹார்ன் பள்ளத்தாக்கில் பொன்னிறக் கழுகுக்காகக் காத்திருப்போர் உட்காரும் புல்சரிவு, செம்மான் மேய்ந்த சரிவு. அபர்னெதி காட்டில் கொண்டைச் சிட்டைத் தேடி நாம் நுழையும் பைன் மரத்தடி, எலியும் மானும் உலவும் இடம். கிரீன்லாந்திலிருந்து அக்டோபரில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் பார்னகிள் வாத்துகளைப் பார்க்க ஐலா தீவில் கல்சுவரின் பின்னால் பதுங்குகிறோமே, அந்தச் சுவரோரத்தில்தான் ஆடுகளும் காற்றுக்கு ஒதுங்குகின்றன. தீவுகளில் காடு குறைவு என்பதால் உண்ணி இருக்காதென்ற நினைப்பும் தவறு. மரமே அரிதான உயிஸ்ட் தீவுகளிலும் லைம் நோய் உண்டு. பறவைகளுக்கும் இதில் பங்கிருக்கிறது: தரையில் இரைதேடும் பூங்குருவி இனங்கள் உண்ணிகளைச் சுமப்பதோடு, லைம் கிருமி வகைகளில் ஒன்றைத் தம் இரத்தத்தில் வைத்துப் பேணவும் செய்கின்றன.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் செய்திக்கு வருகிறேன். எல்லா உண்ணியும் கிருமியைச் சுமப்பதில்லை. பெரும்பாலான கடிகளால் ஒன்றும் ஆவதில்லை. நோய் வருமானால், கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், சில வேளை அதற்கும் பின்னால், தோலில் ஒரு தடம் தோன்றி நாளுக்கு நாள் அகலும். உங்கள் பயணம் பத்து நாள்தான். தடம் தோன்றும்போது நீங்கள் சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள். சென்ற ஆண்டு டிசம்பரில் தோழி ஒருத்தியின் அக்கா சென்னையிலிருந்து காணொளியில் என்னை அழைத்தபோது அவருடைய வாய் ஒருபக்கம் கோணியிருந்தது, வலது கண்ணை மூட முடியவில்லை. அக்டோபர் கடைசியில் இடுப்பில் வட்டமாக வந்ததைப் படர்தாமரை என்று சொல்லிக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அதைத் தடவிக்கொண்டே நவம்பரைக் கடத்திவிட்டார். ஸ்காட்லாந்து போய்வந்ததை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. உரிய மருந்துக்குப் பின் முகம் சீராக இரண்டு மாதம் பிடித்தது. நம் ஊர்த் தோல் மருத்துவர் தினம் ஐம்பது படர்தாமரை பார்க்கிறவர், லைம் நோயின் தடத்தைப் பார்த்தே இராதவர். அவரை நொந்து பயனில்லை. படர்தாமரை அரிக்கும், ஓரம் செதில் செதிலாக இருக்கும். லைம் தடம் பெரும்பாலும் வழவழப்பாக, அரிப்போ வலியோ இல்லாமல் விரிந்துகொண்டே போகும்.

சுவரொட்டிகளில் காட்டும் அம்பெய்யும் இலக்குப் பலகை போன்ற சிவப்பு வளையம் வந்தால்தான் லைம் என்றும் காத்திராதீர்கள். பலருக்கு நடுவில் வெளுக்காத, ஒரே சீரான தடமாகவே வரும். சிலருக்குத் தடமே வராது. நான் பார்த்த சுவரொட்டிகளில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். நம் தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. மங்கிய ஊதாவாக, ஆறிவரும் கன்றிய தழும்புபோலத் தெரியும், நல்ல பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதுவும் பிடிபடும். பேனாவால் ஓரத்தைக் கோடிட்டு வையுங்கள். இரண்டு நாளில் கோட்டைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். கடித்த மறுநாளே அரிப்போடு தோன்றி ஓரிரு நாளில் அடங்கும் சிறு தடிப்பு வெறும் கடித்தடிப்பு, அதற்கு மருந்து வேண்டாம்.

"உடனே இரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று மகள் வற்புறுத்தினார். எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முதல் வாரத்தில் எடுக்கும் பரிசோதனை 'நோய் இல்லை' என்றே சொல்லும். அந்த 'இல்லை'யை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடம் தெளிவாக இருந்தால் பரிசோதனையே தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் 21 நாள் ஆன்டிபயாடிக் தொடங்கலாம் என்பதே 2018 முதல் இங்குள்ள வழிகாட்டுநெறி.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாள்கள் எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸை. அது வேறொரு பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. உண்ணி கடித்தது என்று மட்டும் சொன்னால் மருத்துவரின் எண்ணம் அங்கேதான் போகும். மருந்தும் டாக்ஸிசைக்ளின் என்பதில் ஒற்றுமைதான், நாள் கணக்கில் அல்ல: அதற்கு ஒரு வாரம் போதும், லைமுக்கு மூன்று வாரம்.

பயணத்தில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வெளிர் நிறக் கால்சட்டை அணிந்து, அதன் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள். புகைப்படத்தில் அழகாக இராது, பறவைகள் கண்டுகொள்வதில்லை. டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவுங்கள். புதரில் உட்காராமல் ஒரு பாயை எடுத்துச் செல்லுங்கள், மேலங்கியைக் கழற்றி ஹெதரின்மேல் எறியாதீர்கள், சிறுநீர் கழிக்கப் பிராக்கனுக்குள் புகாதீர்கள். விடுதி திரும்பியதும் பறவைப் பட்டியலைச் சரிபார்க்கும் முன் உடம்பைச் சரிபாருங்கள்: முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்புப்பட்டை அழுத்தும் இடம், தொப்புள், மார்பின் அடி, அக்குள், காதின் பின்புறம். கசகசா அளவில் எது இருந்தாலும் விரலால் தடவிப் பாருங்கள். தனியாக வந்திருந்தால் முதுகைக் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு இதைத் தவிர்ப்பவர்கள்தான் மூன்றாம் நாள் என்னிடம் வருகிறார்கள்.

ஊர் திரும்பிய பின் ஒரு மாதத்துக்கு, குளிக்கும்போது அதே இடங்களைப் பாருங்கள். தடமோ, காய்ச்சலோ, ஒருபக்க முகத்தளர்ச்சியோ வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் அமர்ந்ததும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து: "டாக்டர், நான் ஸ்காட்லாந்தில் புல்வெளியில் அலைந்துவிட்டு வந்திருக்கிறேன், அங்கே லைம் நோய் உண்டு."