ஏசிக்கு ஐந்து ஸ்டார், வீட்டுக்கு?

ஏப்ரல் மாதம் நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாங்கிய புது ஃப்ளாட், கடைசி மாடி. "தம்பி, ஐந்து ஸ்டார் ஏசிதான் போட்டிருக்கேன். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ரூம் குளிர மாட்டேங்குது. மெக்கானிக் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயாச்சு" என்றார். அப்போது மணி எட்டு. மேற்குச் சுவரில் கை வைத்தேன். வெயில் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியும் சுவர் வெதுவெதுவென்று இருந்தது. ஏசியில் கோளாறு இல்லை. பகல் முழுக்கச் சுவரும் கூரையும் குடித்த வெயில் இப்போது அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் எத்தனை என்று கேட்கிறோம். ஆயுள் முழுக்கக் கடன் கட்டப்போகும் வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கும் ஸ்டார் உண்டு. ஏசிக்கு முத்திரை தரும் அதே எரிசக்தி திறன் பணியகம் 2018 டிசம்பரில் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதியை வெளியிட்டது. 2019-இல் வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் முத்திரையைக் கொண்டுவந்தது. இது தவிர, பசுமைக் கட்டடங்களுக்கு ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில்), கிரிஹா என்ற அமைப்புகள் தரும் சான்றிதழ்களும் இருக்கின்றன.

சான்றிதழ் என்றால் சுவரில் மாட்டும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். கட்டுவதற்கு முன்பே கூரை, சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும். அதுதான் இதன் பெரிய லாபம்.

ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். குமரி மாவட்டம் வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர். இங்கே உடம்புக்குச் சுகம் தருவது காற்றோட்டம். இப்படிப்பட்ட ஊர்களில் வீட்டின் கார்பெட் ஏரியாவில், அதாவது வெளிச்சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் தரைப் பரப்பில், ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலும் வெளிக்கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது எக்கோ நிவாஸ் சம்ஹிதா. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. டீச்சர் வீட்டில் டேப் வைத்து அளந்தோம். படுக்கையறை ஜன்னல் ஐந்தடிக்கு நான்கடி, பார்க்கப் பெரிதுதான். ஆனால் இரட்டைப் பலகை ஸ்லைடிங். ஒன்றைத் தள்ளினால் மற்றதன் மேல் போய் நிற்கும். காற்று வரும் வழி பத்து சதுர அடி மட்டுமே. மேலே சன்ஷேடும் குட்டை. ஜூன் சாரலுக்கு அதையும் சாத்தித்தான் வைக்க வேண்டும்.

கூரைக்கும் அளவு உண்டு. வெளியேயும் உள்ளேயும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கடத்தும். நம்மூரில் ஒழுக்குக்குப் பயந்து மொட்டைமாடியில் ட்ரஸ் அடித்து ஷீட் போடுகிறோம். நாலு பக்கமும் காற்றுப் போகும்படி விட்டால் அதுவே வெயிலுக்கும் குடை. டீச்சர் வீட்டு மாடியிலும் அதைத்தான் செய்யச் சொன்னேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். மாலை வெயில் சாய்ந்து வருவதால் தலைக்கு மேலே நீட்டும் சன்ஷேடு அதைத் தடுக்காது. உள்ளே திரை போட்டாலும் சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும்.

அப்புறம் ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். நாலு ஃபேனை மாற்றி, தினம் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 108 யூனிட் குறையும். 2016-இல் மின்வாரியம் நமக்கு இலவசமாகத் தர ஆரம்பித்ததே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான்! ஆனால் ஃபேனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மேற்குச் சுவரை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் கட்டும் முன்பே கவனியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பிரோஷரில் பச்சை இலை படம் போட்டு 'கிரீன் ஹோம்' என்று இருந்தால் அதை நம்பி நிற்காதீர்கள். யார் கொடுத்த சான்றிதழ், முன்சான்றிதழா, இறுதிச் சான்றிதழா என்று கேளுங்கள். முன்சான்றிதழ் வரைபடத்தைப் பார்த்துத் தருவது, இறுதிச் சான்றிதழ் கட்டி முடித்த பிறகு தருவது. முன்சான்றிதழ்தான் என்றால், இறுதிச் சான்றிதழையும் வாங்கித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சொந்தமாகக் கட்டுகிறவர்கள், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்துக்கு வேலை வருமுன் ஜன்னல் கணக்கை இன்ஜினியரோடு உட்கார்ந்து ஒருதரம் போட்டுப் பாருங்கள்.