தெர்மோக்ளைன்: நீருக்குள் சுவரா, சரிவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில் படகு விடுகிறவர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் தெர்மோக்ளைன் பழகிய சொல். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டுக்கும் நடுவே சில மீட்டருக்குள் வெப்பநிலை மளமளவென்று இறங்கும் பகுதிக்கு அந்தப் பெயர். ‘ஒலி அதில் முட்டித் திரும்பிவிடும்’ என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. அது தவறு.

கிரேக்கத்தில் ‘தெர்மே’ என்றால் வெப்பம், ‘க்ளினெய்ன்’ என்றால் சாய்தல். நோயாளி சாய்ந்து படுக்கும் கட்டிலில் இருந்து வந்த ‘கிளினிக்’கும் இதே வேர்தான். 1890களில் அமெரிக்க ஏரி ஆய்வாளர் எட்வர்ட் பர்ஜ் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஜெர்மன் மொழியில் அதற்கு முன்பே ‘ஷ்ப்ருங்ஷிஷ்ட்’, அதாவது தாவும் அடுக்கு, என்று சொல்லிவந்தார்கள். ஒலியின் போக்கைப் புரிந்துகொள்ள, தாவலைவிடச் சாய்வுதான் உதவும்.

காரணம் இது. கடல்நீரில் ஒலியின் வேகத்தை வெப்பநிலை, உப்பு, ஆழம் மூன்றும் மாற்றுகின்றன. 20 டிகிரி அளவில், ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் கூடும். ஆழத்தால் 100 மீட்டருக்கு 1.6 மீட்டர்தான் கூடும். டர்பன் கடலோரமாக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் மேல்நீர் 25 டிகிரி என்று வையுங்கள்: வேகம் நொடிக்கு 1534 மீட்டர். 60 மீட்டர் ஆழத்தில் 15 டிகிரி இருந்தால் 1508. ஒலிக்கதிர் எப்போதும் வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். ஆகவே மேல்நீரில் கிடையாகப் புறப்படும் கதிர், சரிவைக் கடந்து கீழே போகும்போது ஏறத்தாழ 10 டிகிரி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். அது வளைந்து விலகிப்போன இடத்தில் ஒலி எட்டாத நிழல் விழும். நீர்மூழ்கிக் கப்பல்கள் பதுங்குவது அந்த நிழலில்தான்.

திரும்பி வருவது எவ்வளவு? அந்த இரண்டு நீரும் கத்தி வெட்டினாற்போல ஒட்டி நின்றாலும்கூட, செங்குத்தாக இறங்கும் ஒலி ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. நீரிலிருந்து காற்றுக்குப் போக முயலும் ஒலியோ ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். சுவர் என்றால் அதுதான் சுவர்.

அப்படியானால் ஒலியை அனுப்பி எதிரொலியால் மீனையும் ஆழத்தையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரையில் நடுநீரில் தெரியும் அந்த மங்கலான பட்டை என்ன? பெரும்பாலும் அந்த ஆழத்தில் கூடி நிற்கும் மிதவை உயிரிகள். 200 கிலோஹெர்ட்ஸில் கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவை, கூட்டினால் பட்டை தடிக்கும். அதைத் தரை என்றோ மீன்கூட்டம் என்றோ நம்பி ஏமாறுவது அப்போதுதான். கெயினைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பட்டை முதலில் மறையும், தரை நிற்கும். தரைக்கு அதன் இரட்டை ஆழத்தில் இரண்டாம் எதிரொலியும் விழலாம். பட்டைக்கு அது கிடையாது. தரை சரிந்துகொண்டே போக, பட்டை அதே ஆழத்தில் லேசாக அலைந்தபடி தொடரும்.

நேர் கீழே பார்க்கும் கருவிக்கு வளைவால் தொல்லை இல்லை, வேகத்தால் மட்டும் உண்டு. கருவி 1500 என்று கணக்கிட, நீரின் வேகம் 1534 ஆக இருந்தால், 60 மீட்டர் என்று காட்டும் இடம் உண்மையில் 61.4. மீன்பிடிக்க இது போதும், கடலடி வரைபடத்துக்குப் போதாது. பக்கவாட்டில் ஒலி அனுப்பித் தேடும் கருவியான சோனாருக்கோ வளைவுதான் பெரிய எதிரி. 1930களில் அமெரிக்கக் கடற்படை, காலையில் நன்றாகக் கேட்ட சோனார் பிற்பகலில் மந்தமாவதைக் கண்டு குழம்பியது. ஆட்களின் சோம்பல் என்றுகூட நினைத்தார்கள். வெயில் மேல்நீரைச் சூடாக்கிக் கதிரைக் கீழே வளைத்ததே காரணம். ஆழத்தோடு வெப்பநிலையைப் பதியும் பேத்திதெர்மோகிராஃபை 1938 வாக்கில் உருவாக்கியவர் நம் கேப் டவுனில் பிறந்த ஆதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ். புகையேற்றிய சிறு கண்ணாடித் தகட்டில் ஊசி கீறும் கோடுதான் அதன் பதிவு. அந்தக் கோடு எங்கே சாய்கிறதோ அங்கே தெர்மோக்ளைன்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வெப்ப அடுக்கு’ பொருந்தாது. அது சூடான நீரையே குறிப்பதாகப் படும். ‘வெப்பநிலைச் சரிவு’ வேர்ப்பொருளுக்கு நெருங்கியது. ஆனால் அறையிலோ உலோகக் கம்பியிலோ உள்ள வெப்பநிலை மாற்ற வீதத்தையும் அப்படியே சொல்கிறோம். அதனால் ‘வெப்பநிலைச் சரிவடுக்கு’ என்பது என் தேர்வு. பேச்சில் ‘வெப்பச்சரிவு’ போதும். கதிர் வளைவதை ‘ஒலிவிலகல்’ எனலாம். இலங்கைப் பாடநூல் வழக்கில் விலகல் ‘முறிவு’ ஆகும். கலந்து எழுதாமல் இருந்தால் சரி.

இதே அச்சில், உப்பளவு மளமளவென்று மாறும் ஹாலோக்ளைனை ‘உப்புச் சரிவடுக்கு’ என்றும் அடர்த்தி அப்படி மாறும் பிக்னோக்ளைனை ‘அடர்த்திச் சரிவடுக்கு’ என்றும் சொல்லலாம். முதலாவதைப் பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். பெருமழைக்குப் பிறகு, டர்பனில் ஊம்கேனி ஆறு கடலைச் சேரும் ப்ளூ லகூனில் ஆற்றின் நன்னீர் கடல்நீர்மேல் மிதந்து போகும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு 20 ஆகக் குறைந்தால், அதே வெப்பநிலையில் ஒலி வேகம் நொடிக்கு 16 மீட்டர் அளவுக்கு இறங்கும். வேகம் குறைந்த நீர் இங்கே மேலே இருப்பதால் கதிர் மேல்நோக்கி வளையும்.